கிருபை இலவசம் என்றால் நற்கிரியை எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

நாம் இரட்சிக்கப்படுவது விசுவாசத்தினாலா, கிரியையினாலா (அதாவது நாம் செய்யும் நற்செயல்களாலா) என்ற கேள்வியை இந்த முறை பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாக் கடிதங்களையும் போட இடமில்லை. ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, நான் இந்துக் குடும்பத்தில் வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றேன். அம்மா வீட்டில் விரதம், நேர்த்திக்கடன், தைப்பூசத்துக்குப் பால்குடம், அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுப்பது என்று எல்லாம் செய்திருக்கிறேன். இங்கே சபையில், நம் கிரியைகளால் ஒன்றும் ஆகாது, எல்லாம் கிருபை என்கிறார்கள். அதே மேடையிலிருந்து கொஞ்ச நேரத்தில் ஊழியத்துக்கு வாருங்கள், கொடுங்கள், உதவுங்கள் என்றும் சொல்கிறார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சகோதரி, அவர்கள் சொல்லும் இரண்டுமே உண்மைதான். எது முதலில், எது பிறகு என்பதை மட்டும் யாரும் உங்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் 8, 9, 10 ஆகிய மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது எட்டாம் வசனம். யாரும் பெருமையடித்துக்கொள்ள முடியாதபடி, இது கிரியைகளினால் வந்ததல்ல என்கிறது ஒன்பதாம் வசனம். நம் பிரசங்கங்களில் பாதி அங்கேயே நின்றுவிடுகிறது. அது எனக்கு எப்போதும் வருத்தம்தான், ஏனென்றால் அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே நிற்கவே இல்லை. நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம், நாம் அவற்றில் நடக்கும்படி தேவன் அவற்றை முன்னதாகவே ஆயத்தம்பண்ணி வைத்திருக்கிறார் என்று சொல்லிப் பத்தாம் வசனத்தில்தான் முடிக்கிறார். கிரியையைக் கொடுத்து இரட்சிப்பை வாங்க முடியாது. ஆனால் இரட்சிக்கப்பட்டவர் செய்வதற்கென்றே வேலை காத்துக்கொண்டிருக்கிறது.

இதை ஒரு ஆளிடம் பார்க்க வேண்டுமானால் லூக்கா 19இல் வரும் சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன், ஆள் குள்ளம். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் முன்னால் ஓடிப்போய்க் காட்டத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, சீக்கிரம் இறங்கி வா, இன்றைக்கு நான் உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அந்த நிமிஷம் வரை சகேயு யாருக்கும் ஒரு காசு திருப்பிக் கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை. திருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. பாவியின் வீட்டுக்கா போகிறார் என்று ஊர் முறுமுறுக்கிறது. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, என் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். எண்ணாகமம் 5இல் உள்ள சட்டப்படி, தவறை ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். இவன் நாலு மடங்கு என்கிறான்! யாரும் கேட்காமலே, சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளியின் முன்னால் நின்று சொல்கிறான். அன்பு முதலில் வந்தது. கை அப்புறம் திறந்தது.

ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர் மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் வெளியேற வேண்டியதுதான். அதே வீட்டுப் பிள்ளை தட்டுக் கழுவினால் அது வாடகையில் சேராது, கழுவாமல் விட்டாலும் பிள்ளை பிள்ளைதான். ஆனால் அது தன் வீடு என்று உணர்ந்த பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா வீட்டில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிய உங்கள் கைகளை யாராவது இழிவாகப் பேசினால் காதில் வாங்காதீர்கள். பசித்தவர்கள் சாப்பிட்டார்கள், அது நல்ல காரியம். இப்போது மாறியிருப்பது ஒன்றுதான்: கடவுள் உங்கள்மேல் இரங்குவாரா மாட்டாரா என்ற பயத்தோடு நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை, அவர் ஏற்கெனவே இரங்கிவிட்டார். சபையில் ஊழியத்துக்குக் கூப்பிட்டால், முடிந்ததற்குச் சந்தோஷமாக வருகிறேன் என்று சொல்லுங்கள், முடியாததற்கு முடியாது என்று சொல்லுங்கள். வராவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று யாராவது மிரட்டினால், அது யார் வாயிலிருந்து வந்தாலும் சுவிசேஷம் இல்லை.

கேள்வி: சிங்கப்பூரில் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கிறது. அதையும் வாங்கிக்கொண்டால் நான் செய்த தர்மத்துக்குக் கடவுளிடம் பலன் உண்டா?
– வாசகர், பொங்கோல்

பதில்: வரிக்கழிவு சட்டம் தருவது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 100 வெள்ளி கொடுத்து, உங்கள் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழிந்தால், அதனால் அங்கே சாப்பிடுகிற முதியவரின் தட்டில் ஒரு பருக்கையும் குறையப்போவதில்லை. மிச்சமாகும் வரியையும் யாருக்காவது கொடுக்க மனம் வந்தால் இன்னும் நல்லது. 'பலன் உண்டா' என்ற கேள்விதான் எனக்கு இடறுகிறது, ஐயா. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மத்தேயு 6இல் இயேசு சொல்வது ஊர் பார்க்கச் செய்யும் தர்மத்தைக் கண்டித்துத்தான், ஆனால் நமக்கு நாமே மார்தட்டிக்கொள்வதற்கும் அதில் ஒரு குட்டு இருக்கிறது. அப்புறம், சபைக் காணிக்கைக்கு இந்தக் கழிவு கிடையாது என்பதற்காக அதைக் குறைத்துக்கொண்டு இங்கே கூட்டிக் கொடுக்கும் எண்ணம் வந்தால், அப்போது மட்டும் கொஞ்சம் நின்று உங்கள் மனதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அண்ணே, நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன், பெந்தெகொஸ்தே சபை. துவாஸ் பக்கம் தங்குவிடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் கத்தோலிக்கன். வேலை முடிந்து வந்து படுத்தால் தினமும் இதே வாக்குவாதம்தான். விசுவாசம் ஒன்றே போதும் என்று நான் ரோமர் 3:28ஐக் காட்டினால், விசுவாசத்தினால் மட்டுமல்ல என்று அவன் யாக்கோபு 2:24ஐக் காட்டுகிறான். பைபிளிலேயே முரண்பாடா? உங்கள் ஆள் மார்ட்டின் லூத்தரே யாக்கோபை ஒதுக்கினார் என்றும் சொல்கிறான். ஆனால் ஒன்று, நல்ல பையன். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்திருந்தபோது பொதுச் சமையலறையில் வரிசையில் நின்று கஞ்சி வைத்துக் கொடுத்தது அவன்தான்.
– வெளிநாட்டு ஊழியர், துவாஸ்

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ரோமரை எழுதிய பவுலும் யாக்கோபும் ஒரே ஆளைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஆபிரகாமை. பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. பிள்ளை இல்லாத கிழவனை வெளியே கூட்டிப்போய் வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இவ்வளவாக இருக்கும் என்று தேவன் சொல்கிறார். அவன் நம்புகிறான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அப்போது அவனுக்கு விருத்தசேதனம் நடக்கவில்லை. 16ஆம் அதிகாரக் கடைசியில் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு வயது 86, 17இல் விருத்தசேதனம் நடக்கும்போது 99. அதாவது சடங்குக்குக் குறைந்தது 13 வருஷத்துக்கு முன்பே தேவன் அவனை நீதிமான் என்று சொல்லிவிட்டார். யூதரல்லாதவர்கள் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டால்தான் உள்ளே வரலாம் என்று சொன்னவர்களுக்குப் பவுல் இதைத்தான் தூக்கிக் காட்டுகிறார்.

யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22. ஈசாக்கு பிறந்து, விறகைச் சுமந்துகொண்டு மலை ஏறும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். நட்சத்திரங்களைப் பார்த்து நம்பியவன் இப்போது அந்தப் பிள்ளையையே கொடுக்கத் துணிகிறான். இங்கேதான் யாக்கோபு ஒரு முக்கியமான காரியம் செய்கிறார்: பவுல் காட்டும் அதே 15ஆம் அதிகார வசனத்தை எடுத்து, அது இப்போது நிறைவேறிற்று என்கிறார். அவர் ஆதியாகமம் 15ஐத் தள்ளவில்லை, அன்றைக்கு நம்பிய நம்பிக்கை உயிரோடுதான் இருந்தது என்பதற்கு 22ஐ அத்தாட்சியாக வைக்கிறார். அவர் யாரிடம் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். உடுப்பு இல்லாமலும் அன்றாடச் சாப்பாடு இல்லாமலும் நிற்கும் சகோதரனிடம், சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் வாழ்த்தி அனுப்பிவிட்டு, எனக்கு விசுவாசம் இருக்கிறது என்று சொல்கிறவனிடம் பேசுகிறார். அந்த மாதிரி விசுவாசம் பிசாசுகளுக்கும் உண்டு, அவையும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். பவுல் இதற்கு மறுப்புச் சொல்லியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்று கலாத்தியர் 5:6இல் எழுதியது அவர்தானே.

புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழிதிறந்த லூத்தர் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1522இல் வெளிவந்த தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டுக்கு எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றார். அது கடுமையான பேச்சு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர் அதை வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. அதே மாதிரி, கத்தோலிக்கர்கள் புண்ணியம் சேர்த்து மோட்சம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் வெளியிட்ட தீர்மானத்தின் முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் ஒருவன் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவனைக் கண்டிக்கிறது.

இது உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் தேவனால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நம் இதயங்களைப் புதுப்பிக்கிற பரிசுத்த ஆவியைப் பெறுகிறோம், அவரே நம்மை நற்கிரியைகளுக்குத் தயார்ப்படுத்தி அழைக்கிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இல் சேர்ந்துகொண்டார்கள், சீர்திருத்த சபைகள் 2017இல். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, தீரவில்லை. ஆனால் சுமார் ஐந்நூறு வருஷமாக ஒருவரையொருவர் சபித்துக்கொண்டிருந்தவர்கள் இதில் ஒரே வாக்கியத்தைச் சேர்ந்து சொல்ல முடிந்திருக்கிறது. ஒரே அறையில் படுக்கும் இரண்டு பேரால் முடியாதா?

சரி, அந்தக் கஞ்சி. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவன், தன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் தள்ளிவைத்து, தன்னோடு தினமும் வாதாடுகிறவனுக்காக அடுப்புக்குக் காத்து நின்றிருக்கிறான். யாக்கோபு 2 கேட்கும் விசுவாசத்தை நீங்கள் நாலு நாள் குடித்திருக்கிறீர்கள். அடுத்த தடவை வசனம் எடுப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வேளை சமைத்துப் போடுங்கள்.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒரு நல்ல காரியமும் செய்யாமல் கடைசி நிமிஷத்தில் பரதீசுக்குப் போய்விட்டான் இல்லையா? அப்படியானால் இப்போது ஏன் கஷ்டப்பட்டு நல்லவனாக இருக்க வேண்டும்? பிறகு மனந்திரும்பிக்கொள்ளலாமே.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தம்பி, அவன் ஒன்றும் செய்யவில்லை என்று யார் சொன்னது? லூக்கா 23ஐத் திறந்து பாருங்கள். கையும் காலும் அறையப்பட்டிருக்கிறது, நாக்கு ஒன்றுதான் அவன் வசம் இருக்கிறது. அந்த நாக்கால் தன் கூட்டாளி இயேசுவைப் பழிப்பதைத் தடுக்கிறான், நமக்குக் கிடைத்தது நியாயமான தண்டனை என்று தன் குற்றத்தை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறான், இவரோ தகாததொன்றையும் செய்யவில்லை என்று சாட்சி சொல்கிறான். சீஷர்களில் பெரும்பாலானவர்கள் ஓடிப்போன நாளில், அத்தனை அதிகாரிகள் கேலி செய்துகொண்டிருந்த இடத்தில், இயேசுவுக்காகப் பேசியவன் அவன். இந்த வேலைகளுக்காக அவனுக்குப் பரதீசு கிடைக்கவில்லை, அது வெறும் கிருபைதான். ஆனால் கிருபை தொட்ட சில மணி நேரத்திலேயே அவனிடம் மிச்சமிருந்த ஒரே உறுப்பு நன்மை செய்யத் தொடங்கிவிட்டது. உங்களுக்கு இரண்டு கை, இரண்டு கால், இருபது வயது இருக்கிறது.

கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று ரோமர் 6இல் பவுல் கேட்டு, கூடவே கூடாது என்கிறார். ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியில் 1937இல் போதகர் போன்ஹோஃபர் 'மலிவான கிருபை' என்று எழுதியதும் இதைப் பற்றித்தான், மன்னிப்பை வைத்துக்கொண்டு கிறிஸ்துவின் பின்னால் போகாமல் இருப்பதைப் பற்றி. போன்ஹோஃபர் கிறிஸ்துவின் பின்னால் போனார், 1945 ஏப்ரல் 9ஆம் தேதி அந்த ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர், அந்த 'பிறகு' வரும்போது மனந்திரும்ப மனம் இருக்கும் என்று எப்படி நம்புகிறார் என்பது எனக்குப் புரியவே இல்லை.

கேள்வி: ஐயா, எனக்கு ஐம்பத்தைந்து வயது. அம்மாவுக்கு முதுமை மறதி நோய். வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டுவது என்று நாள் ஓடிவிடுகிறது. மூன்று தடவை ஊட்டினால் இரண்டு தடவை துப்பிவிடுகிறார். நடுவில் என் முகத்தைப் பார்த்து, நீ யாரும்மா, என் மகள் எப்போது வருவாள் என்று கேட்கிறார். சபைக்கு மாதம் ஒருமுறை போவதே கஷ்டம். முன்பு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன், மருத்துவமனை ஊழியத்துக்குப் போனேன், இப்போது எதுவும் இல்லை. சில நாள் அம்மாவிடம் கத்திவிட்டு ராத்திரி அழுகிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததற்கு நான் என்ன திருப்பிச் செய்கிறேன்?
– வாசகி, தோ பாயோ

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மத்தேயு 25ஐ எடுத்து வைத்துக்கொண்டேன். பசியாயிருந்தேன், தாகமாயிருந்தேன், அந்நியனாயிருந்தேன், வஸ்திரமில்லாதிருந்தேன், வியாதியாயிருந்தேன், காவலிலிருந்தேன் என்று அங்கே ராஜா ஆறைச் சொல்கிறார். பசி, தாகம், உடுப்பு, வியாதி என்று அதில் நாலு உங்கள் வீட்டு அறை ஒன்றிலேயே தினமும் நடக்கிறது. நான் செய்தது எங்கே கணக்கில் இருக்கிறது என்று அந்த நீதிமான்கள் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம் என்று ஆச்சரியப்படுகிறார்கள். தாங்கள் செய்தது ஊழியம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை.

நற்கிரியை என்றால் மேடை, மைக், மருத்துவமனை ஊழியம், பட்டியலில் பேர் என்று நம் சபைகளே சொல்லாமல் சொல்லிப் பழக்கிவிட்டன, இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதும், பெற்றவர்கள் செய்ததற்குப் பதில் செய்வதும் பிள்ளைகள் முதலாவது கற்றுக்கொள்ள வேண்டியது என்று 1 தீமோத்தேயு 5:4 சொல்கிறது. அது தேவனுக்குப் பிரியமானது என்றும் அதே வசனம் சொல்கிறது. பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', காணிக்கை என்று சொல்லி ஒதுக்கி வைத்தவர்களை மாற்கு 7இல் இயேசு வெளிப்படையாகவே கண்டித்தார். மேலே யாக்கோபு விஷயத்தில் லூத்தரோடு நான் ஒத்துப்போகவில்லை, இங்கே முழுக்க ஒத்துப்போகிறேன். 1522இல் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது அவர், ஒரு தகப்பன் விசுவாசத்தோடு பிள்ளையின் அழுக்குத் துணியை அலசுவதைப் பார்த்து ஊர் சிரித்தாலும் தேவன் தம் தூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்கிறார் என்றார். நீங்கள் மாற்றும் டயப்பர் உங்களைப் பெற்றவளுடையது. எபேசியர் சொல்லும் அந்த 'முன்னதாக ஆயத்தம்பண்ணின' கிரியை இந்த வருஷம் உங்களுக்கு இதுதான்.

நீங்கள் கேட்ட 'திருப்பிச் செய்வது' பற்றி. ஆண்டவர் உங்களுக்குக் கடன் கொடுக்கவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. அவருக்கு உங்கள் உழைப்பு தேவைப்படவில்லை, உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படுகிறது. கத்திய நாட்களில் ராத்திரியே மன்னிப்புக் கேளுங்கள், பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியுமுள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. ஞானஸ்நானத்தன்று ஒரு தடவை கிருபையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று அவர் போய்விடவில்லை. காலையில் ஊட்டும்போது துப்புகிற அந்த இரண்டாவது தடவைக்கும் அது வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், உதவி கேளுங்கள். உடம்பு தாங்காது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை, ஏஐசி என்று சொல்வார்களே, அதை அழைத்து, மறதி நோய் உள்ளவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தோ பாயோவுக்குப் பக்கத்தில் எது, பராமரிப்பாளருக்கு ஓய்வு தரும் சேவை என்ன இருக்கிறது, மானியம் எதற்குத் தகுதி இருக்கிறது என்று கேளுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் எந்த நாள் யார் வருவது என்று பேசுங்கள், மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை. இந்தப் பக்கத்தை வெட்டி உங்கள் போதகரிடம் கொடுங்கள். உங்கள் சபையில் நற்கிரியை செய்ய ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வந்து, ஒருவர் அம்மாவோடு உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் பாடட்டும், மற்றவர் சமைக்கட்டும். வருகிறவர்களுக்கு நீங்கள் டீ போட வேண்டாம், போய்ப் படுத்துத் தூங்குங்கள்.